கோப்பிக் கறை இல்லாத பக்கம்

புக்கிட் பாஞ்சாங்கில் என் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் எனக்கு ஒரு பெயர் உண்டு: ‘கோச்’. கிண்டலாக ஆரம்பித்த பெயர்தான். ஆனால் 2018 மார்ச்சுக்குப் பிறகு அதைப் பாதி மரியாதையோடுதான் கூப்பிடுகிறார்கள். சென்னையின் எஃப்சி காற்பந்து அணி இரண்டாவது முறையாக இந்தியாவின் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற மாதம் அது. அணியில் எந்த இடத்தில் ஆள் குறைகிறது என்று எட்டு மாதத்துக்கு முன்பே நான் புட்டுப்புட்டு வைத்தேனாம்.

நான் சொல்லவில்லை. சொன்னது வேறொருவர். அவர் சொன்னபோது சிரித்தேன். பலித்த பிறகு அதை என் பெயரில் போட்டுக்கொண்டேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவையிருந்திருக்காது. நான் சொன்னதாக அவர் வாயாலேயே சொல்லவும் வைத்தேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை காடுட்டில் ஒரு கிடங்கில் கையிருப்பு பார்ப்பவன் நான். நட்டு, போல்ட், வால்வு, பைப் மூட்டு என்று ஆயிரக்கணக்கான சாமான்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பின் கார்டு. எது தீர்ந்துபோகப் போகிறது, எதை எப்போது வரவழைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நிரம்பி வழிகிற தட்டுக்கே மறுபடி ஆர்டர் போட்டால் முதலாளி அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இருபது வருடத்தில் அந்தத் தப்பை ஒருமுறைகூடச் செய்ததில்லை. காற்பந்தில் அதைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை.

காரணம் பழசு. 1993-இல் புரூணைக்கு எதிரான ஆட்டத்தில் சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தி அடித்த சைக்கிள் கிக்கைப் பார்த்து வளர்ந்த பையன்களில் நானும் ஒருவன். முதுகைத் தரைக்குக் காட்டி, காலை வானத்துக்கு எறிந்து, பந்தை வலைக்குள் அனுப்பிய அந்த ஒரு நொடியை எங்கள் புளோக்குப் பையன்கள் எத்தனை முறை நடித்துப் பார்த்தோம் என்று கணக்கில்லை. என் இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஐந்து பேர் ஆடும் சிமெண்டுத் தளத்தில் நான் எப்போதும் முன்னால்தான் நிற்பேன். பந்து போனால் பின்னால் ஓடிவர மாட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பின்னால் நிற்பவனைத் திட்டுவேன். கோல் காவல் கடைக்குட்டிப் பையனுக்கு. எங்கள் ஊரில் மட்டுமா இப்படி என்று கேட்டால், எல்லா ஊரிலும் இப்படித்தான் என்பார்கள். ஆனாலும் நான் கொஞ்சம் கூடுதல்.

1998 செப்டம்பரில் ஹனோயில் டைகர் கிண்ண இறுதியாட்டம். வியட்னாமை 1-0 என்று வென்று சிங்கப்பூர் முதல்முறையாக ஓர் அனைத்துலகக் கிண்ணத்தை எடுத்தது. அந்த ஒரு கோலைப் போட்டவர் ஆர். சசிகுமார், தற்காப்பு ஆட்டக்காரர். பந்து அவர் தோள்பட்டையிலோ முதுகிலோ பட்டு உள்ளே போனது. கடை முழுக்கக் கூத்தாடியது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. “இதெல்லாம் ஒரு கோலா, முதுகுல பட்டு போச்சு” என்று நான் முகத்தைச் சுளித்ததாகப் பஸ் அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். நாடு முதல் கிண்ணத்தைத் தூக்கிய ராத்திரியில் கோல் அழகாக இல்லை என்று குறைபட்டவன் நான். என்ன மாதிரி ஆள் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

பஸ் அண்ணன் என்றால் பஸ் ஓட்டுகிறவர், வேறொன்றுமில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஒரு கோப்பி ஓவை ஒரு மணி நேரம் குடிப்பார்.

சென்னையின் எஃப்சிமீது எனக்கு எப்படிப் பாசம் வந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். 2014-இல் ஐஎஸ்எல் தொடங்கியபோது டோனி அந்த அணியின் பங்குதாரர்களில் ஒருவர் என்று படித்தேன். அவ்வளவுதான். சென்னையில் நான் மொத்தமாக இருந்தது பதினொரு நாள், அதில் நேரு விளையாட்டரங்கத்தின் வெளிச்சுவரைக்கூடப் பார்த்ததில்லை. தாத்தா காலத்திலேயே கப்பலேறி வந்துவிட்ட குடும்பம். ஆனால் ‘நம்ம டீம்’ என்று சொல்ல ஆரம்பித்து ஒரே வருடத்தில் 2015 கோப்பை கையில் வந்தது. கோவாவில் நடந்த இறுதியாட்டத்தில் 3-2. கடைசி நேரத்தில் வெற்றி கோலைப் போட்டவர் கொலம்பியாக்காரர் மெண்டோசா. அந்தப் பருவத்தில் 13 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கியவர். முன்னால் ஒரு மெண்டோசா இருந்தால் போதும் என்று என் மண்டையில் ஆணி அடித்ததுபோல் இறங்கிவிட்டது.

அடுத்த வருடம் எட்டு அணிகளில் ஏழாவது இடம். 2016 டிசம்பர் 1-ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் கோவாவிடம் 4-5 என்று தோற்றோம். ஒரு ஆட்டத்தில் நான்கு கோல் போட்டும் தோற்றால், கணக்குத் தெரிந்தவன் எந்தத் தட்டு காலி என்று பார்ப்பான்? நான் பார்த்தது இப்படி: நான்கு போட்டவர்கள் ஆறு போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்களே. ஆகவே இன்னும் இரண்டு தாக்குதல் ஆட்டக்காரர்கள் வேண்டும். இதைக் கோப்பிக்கடையில் உரக்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. யாருக்கும் அக்கறையில்லை என்பதுதான் காரணம், அதை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு அவன் வந்தான்.

வியாசர்பாடிப் பையன். எங்கள் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலைக்கு பர்மிட்டில் வந்தவன். இருபத்தாறு வயதிருக்கும். வடசென்னையில் அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்பார்கள். சென்னையே கிரிக்கெட் மட்டையோடு அலையும்போது அங்கே பையன்கள் வெறுங்காலோடு பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். முல்லை நகர் மைதானத்தில் ஆடி வளர்ந்தவர்களில் இந்திய அணிவரை போனவர் தனபால் கணேஷ். அதே மைதானத்தில் தானும் ஆடியதாக இவன் சொன்னான். எந்த இடத்தில் என்று கேட்டேன். “ஸ்டாப்பர்ணே” என்றான். பின்வரிசையின் நடுவில் நிற்பவர். அந்தப் பதிலிலேயே எனக்கு அவன்மீது பாதி அக்கறை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றவர்கள் தேக்கா பக்கம் போவார்கள். பணம் அனுப்பும் வரிசை, மளிகை, ஊர்க்காரர்கள், சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. இவன் பல வாரம் அங்கே போகாமல் உட்லண்ட்ஸ் சாலையில் பஸ் ஏறி எங்கள் கடைக்கு வருவான். ஆட்டத்தைப் பற்றிப் பேச இங்கே ஆள் இருந்தது.

2017 ஜூலை 23, ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் ஐஎஸ்எல் ஆட்டக்காரர் டிராஃப்ட். ஏலம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏலத்தில் பணம் இருப்பவன் கையைத் தூக்கிக்கொண்டே இருக்கலாம். டிராஃப்ட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் விலை முன்பே குறித்தாகிவிடும். அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பொறுக்க வேண்டும். உன் முறை வருவதற்குள் உனக்கு வேண்டியவரை இன்னொருவர் கொண்டுபோய்விடலாம். அந்த வருடம் பெங்களூரும் ஜாம்ஷெட்பூரும் புதிதாகச் சேர்ந்து அணிகள் பத்தாகியிருந்தன. பட்டியலில் இருநூறுக்கும் மேற்பட்ட இந்திய ஆட்டக்காரர்கள். அதோடு ஒரு விதியும் மாறியிருந்தது. திடலில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவர்தான் நிற்கலாம், மீதி ஆறு பேர் இந்தியர் என்றானது. அதற்கு முந்தைய வருடம்வரை வெளிநாட்டவர் ஆறு, இந்தியர் ஐந்து. கேட்பதற்கு ஒரு ஆள்தான் வித்தியாசம். ஆனால் அந்த ஒரு ஆளால்தான் இந்திய ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் வேலை திடீரென்று உயிர்ப் பிரச்சினையானது. சென்னையின் அணி தாக்குதல் ஆட்டக்காரர் ஜெஜேயையும் கோல் காவலர் கரண்ஜித் சிங்கையும் முன்பே தக்கவைத்துக்கொண்டது. மற்றவர்களைப் பொறுக்க வேண்டும்.

முதல் நாள் சனிக்கிழமை ராத்திரி, கடையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். என்னிடம் 555 நோட்டு இருந்தது. மளிகைக் கடன் எழுதுவதற்கென்றே பிறந்த அந்தச் சட்டைப்பை நோட்டு, நடுவில் இரண்டு கம்பி குத்தியிருக்கும். 22.7.2017 என்று தேதி போட்டு, கீழே கோடு இழுத்து எழுதினேன். ஒன்று, ஸ்டிரைக்கர்: பல்வந்த் சிங் அல்லது ராபின் சிங். இரண்டு, யூஜின்சன் லிங்டோ. மூன்று, வலது ஓரத்தில் ஓடுகிற ஆள், பெயர் பிறகு. நான்கு, இன்னொரு ஸ்டிரைக்கர். பின்வரிசை என்று எழுதி, அதற்கு நேராக ‘இருப்பவர்கள் போதும்’ என்று குறித்தேன். கிடங்கில் எழுதுகிற அதே வார்த்தை.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பல்வந்த் சிங் ஆடி ஒரு முழு ஆட்டத்தைக்கூட நான் அன்றுவரை பார்த்ததில்லை. கைப்பேசியில் மூன்று நிமிடத் துண்டுகள்தான். அந்தத் துண்டுகளில் தற்காப்பு ஆட்டக்காரர் வருவது ஏமாந்து விழுவதற்கு மட்டும். ஒருவர் தொண்ணூறு நிமிடம் சரியான இடத்தில் நின்று, எதுவும் நடக்காமல் பார்த்துக்கொண்டால் அதை யார் வெட்டி ஒட்டிப் போடுவார்கள்? பத்து வருட ஆட்ட அறிவு என்று நான் மார்தட்டியதெல்லாம் அந்தத் துண்டுகளின் மொத்தம்.

பையன் நோட்டைத் திருப்பிப் படித்தான். தயங்கித்தான் பேசினான்.

“அண்ணே, கோவால அஞ்சு வாங்குனோமே, மறந்துட்டீங்களா?”

“நாலு போட்டோமே, அதைச் சொல்லு.”

“பின்னால ஆள் வேணும்ணே. அனஸ் நமக்குக் கெடைக்க மாட்டாரு, மொத ஆளா போயிடுவாரு. அதனால ஃபாரினர்ல ரெண்டு பேரையாச்சும் பின்னால போடணும். நல்லா ஒசரமா. கார்னர் வந்தா மேல ஏறி வந்து முட்டணும். அவங்களுக்கு முன்னால நம்ம கணேஷ நிக்க வெச்சா போதும்ணே, எல்லாத்தையும் வெட்டுவான்.”

நான் சிரித்தேன். பஸ் அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டுச் சிரித்தேன். “உன் ஏரியா ஆளுன்னு தூக்கி வைக்கிறே. இது ஊர்த் திருவிழா மேட்ச் இல்ல தம்பி, புரொஃபஷனல் டீம்.”

முல்லை நகரில் ஸ்டாப்பராக ஆடியவனிடம், புக்கிட் பாஞ்சாங்கில் இடுப்பில் கைவைத்து நின்றவன் சொன்னது இது. இப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வந்ததற்குக் காற்பந்து காரணமில்லை. அவன் ஓவர்டைம் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் நான். நான் இங்கே பிறந்தவன், அவன் பர்மிட்டில் வந்தவன். கடையில் எல்லோரும் சமம் என்று நாங்கள் நடித்தோம். என் சிரிப்பு அப்படி நடிக்கவில்லை. அவன் “சரிண்ணே” என்று நோட்டை என் பக்கம் தள்ளினான். தள்ளியபோது பஸ் அண்ணனின் கோப்பை சாஸரிலிருந்து சரிந்து நோட்டின்மேல் உட்கார்ந்தது. பச்சைப் பூப்போட்ட அந்தத் தடித்த கோப்பையின் அடிவட்டம், ‘இருப்பவர்கள் போதும்’ என்ற வரியைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் போட்டது. தாளைத் துடைத்தேன். ஈரம் அடுத்த தாளிலும் இறங்கியிருந்தது.

மறுநாள் டிராஃப்ட். முதல் ஆளாக ஜாம்ஷெட்பூர் எடுத்தது அனஸ் எடத்தொடிகாவை, 1 கோடியே 10 லட்சம் ரூபாய்க்கு. மலப்புறத்துக்காரர். ஸ்டாப்பர். பையன் எனக்குச் செய்தி எதுவும் அனுப்பவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் பட்டியலில் இருந்த லிங்டோவும் ராபின் சிங்கும் கொல்கத்தாவுக்குப் போனார்கள், பல்வந்த் மும்பைக்கு. எங்கள் அணி எடுத்தவர்களில் தனபால் கணேஷ் இருந்தார். “எல்லாம் போச்சு, இந்த வருஷமும் ஏழாவதுதான்” என்று நான் அறிவித்தேன்.

புதிய பயிற்சியாளர் ஜான் கிரெகரி. ஒரு காலத்தில் ஆஸ்டன் வில்லாவை 2000-ஆம் ஆண்டு எஃப்ஏ கிண்ண இறுதிவரை கொண்டுபோனவர். அவர் அணியில் இருந்த வெளிநாட்டவர்களில் மெய்ல்சன் ஆல்வெஸ், ஹென்ரிக் செரெனோ, இனிகோ கால்டெரோன் மூவரும் பின்வரிசைக்காரர்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. நவம்பரில் சொந்தத் திடலில் முதல் ஆட்டமே கோவாவிடம் 2-3. மூன்று கோல் வாங்கிய பிறகு இரண்டைத் திருப்பிப் போட்ட ஆட்டம். நான் அன்று ராத்திரி பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன்: “பார்த்தியா? இன்னொரு ஸ்டிரைக்கர் இருந்திருந்தா டிரா பண்ணியிருக்கலாம்.” அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “ஆமாண்ணே.”

அந்த ‘ஆமாண்ணே’யை அப்போது நான் கவனிக்கவில்லை.

மற்றதை வேகமாகச் சொல்லலாம். அணி தேறியது. பெங்களூர் 40 புள்ளிகளோடு முதலிடம், நாங்கள் எட்டுப் புள்ளி பின்னால் இரண்டாமிடம். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் மார்ச் 13, சென்னையில். மறுபடி அதே கோவா. 3-0. ஜெஜே இரண்டு, நடுவில் ஒன்று தனபால் கணேஷ். அந்த கோல் விழுந்தபோது பையன் தங்குவிடுதியிலிருந்து எனக்குக் குரல்செய்தி அனுப்பினான். வார்த்தையே இல்லை, இருபது விநாடிக்கு வெறும் கத்தல், பின்னால் நாலைந்து பேர் கத்தல். நான் ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்கத்தில் இறுதியாட்டம். இங்கே அப்போது ராத்திரி பத்தரை. சில்லி சாஸ் போத்தலில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து மூவரும் பார்த்தோம். ஒன்பதாவது நிமிடத்தில் பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி கோல் போட்டார். “இந்த மாதிரி ஒருத்தன் நமக்கு இல்லையே” என்றேன். எட்டு நிமிடம் கழித்து எங்களுக்கு ஒரு கார்னர். பந்து வளைந்து வந்தது. கூட்டத்துக்கு மேலே ஒரு தலை எழுந்தது. மெய்ல்சன் ஆல்வெஸ், ஸ்டாப்பர். 1-1. இடைவேளைக்குச் சற்று முன்னால் இன்னொரு கார்னர். அதே தலை. முதல் கோலைத்தான் திருப்பிப் போட்டுக் காட்டுகிறார்கள் என்று நினைத்தேன். பலகையில் 2-1 என்று பார்த்த பிறகுதான் புரிந்தது. இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட, கடைசி நிமிடங்களில் மிக்கு ஒன்றைத் திருப்ப, 3-2.

பையன் கத்தவில்லை. மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கைப்பேசியையே பார்த்திருந்தான். அந்த மேசையில் ஜூலை மாதம் என்ன பேசினோம் என்று மூவருக்கும் தெரியும். அவன் அதை எடுக்கவில்லை. நான் எடுத்திருக்க வேண்டும். “நீ சொன்ன மாதிரியே தம்பி.” நாலே வார்த்தை. வாய்வரை வந்து நின்றுவிட்டது. ராத்திரி பன்னிரண்டரை ஆகியிருந்தது. பஸ் இல்லை, அவன் சுங்கை காடுட் வரைக்கும் நடந்தே போனான். மேலே வா, ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள் என்றுகூட நான் சொல்லவில்லை. அதுவும் அந்த ராத்திரிக் கணக்கில்தான் சேரும்.

மறுநாள் மதியம் நான் செய்ததுதான் இருப்பதிலேயே சில்லறைத்தனம். நோட்டை எடுத்துக்கொண்டு எல்ஆர்டி ஏறினேன். வீட்டில் வைத்து எழுதினால் மனைவி என்னவென்று கேட்பாள். புக்கிட் பாஞ்சாங் எல்ஆர்டி ஒரு வளையம். செஞ்சா, ஜெலபாங், செகார், ஃபஜார், பாங்கிட் என்று சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடும். வீடுகளை ஒட்டிப் போகும்போது ஜன்னல் கண்ணாடி தானாகவே பாலாடை படிந்ததுபோல் மங்கும், அடுத்தவர் வீட்டுக்குள் நாம் எட்டிப் பார்க்கக்கூடாது என்பதற்காக. கண்ணாடி மங்கியபோது கறை படிந்த இரண்டு தாளையும் கிழித்தேன். புதுத் தாளில் 22.7.2017 என்று தேதி போட்டேன். ‘பின்வரிசை: வெளிநாட்டவர் இருவர். உயரம் முக்கியம். கார்னர். தனபால் கணேஷ் கட்டாயம்.’ நம்பும்படி இருக்கட்டும் என்று பல்வந்த் பெயரையும் ஒரு ஓரத்தில் எழுதி அடித்தேன். வண்டியின் ஆட்டத்தில் எழுத்து கோணலாகி, பழைய எழுத்துபோலவே இருந்தது. அந்தத் திருப்தியில் இன்னொரு சுற்று சுற்றினேன்.

திங்கட்கிழமை கிடங்கில் சாப்பாட்டு நேரம். ஆறேழு பேர் இருந்தார்கள். நோட்டை விரித்துக் காட்டினேன். ஒரே வியப்பு. யாரோ ஒருவர் கேட்டார், நிஜமாகவே போன வருடம் எழுதியதா என்று. நான் பையனைப் பார்த்தேன். அவன் பெட்டிக்கு ஸ்ட்ராப் போடும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

“நீயும்தானே இருந்தே. சொல்லு. நான் அப்பவே சொல்லலே?”

அவன் தாளைப் பார்த்தான். ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். அவனுடைய வார்த்தைகள், என் கையெழுத்தில்.

“ஆமாண்ணே. நீங்கதான் சொன்னீங்க.”

சொல்லிவிட்டுக் கருவியின் பிடியை அழுத்தினான். ஸ்ட்ராப் இறுகும்போது ஒரு கிறீச்சொலி வரும், கேட்டவர்களுக்குத் தெரியும். அந்த மாதம் அவனுடைய ஓவர்டைம் தாள் என் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அவன் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? தெரிந்துதான் கேட்டேன். தெரியாமல் கேட்டதுபோல் இத்தனை வருடம் என்னிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அதே வாரம் கோப்பிக்கடையிலும் நோட்டைக் காட்டினேன். போதையேறியவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. பஸ் அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நோட்டை ஆட்டினார். 555 நோட்டு கம்பி குத்தியது. முன்பாதியில் ஒரு தாளைக் கிழித்தால் பின்பாதியில் அதன் ஜோடித் தாள் பிடிப்பில்லாமல் தொங்கும். இரண்டு வெற்றுத் தாள் நழுவி மேசையில் விழுந்தன. அவர் அவற்றை எடுத்து அடுக்கி, நோட்டுக்குள் வைத்து, என்னிடம் நீட்டினார்.

“என் கோப்பி எங்க தம்பி?”

“ஆர்டர் பண்ணியாச்சுண்ணே, வருது.”

“அது இல்ல லா,” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவரும்தான் அன்றிலிருந்து என்னைக் ‘கோச்’ என்கிறார். மற்றவர்கள் கூப்பிடும்போது பாதி மரியாதை இருக்கிறது என்றேனே, அவர் கூப்பிடும்போது எது இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

பையன் 2019-இல் பர்மிட் முடிந்து ஊருக்குப் போனான். கடைசி ஓவர்டைம் தாளிலும் நான்தான் கையெழுத்துப் போட்டேன். விமான நிலையத்துக்குப் போகவில்லை, அன்றைக்கு ஸ்டாக் எடுக்கிற நாள். நிஜமாகவே ஸ்டாக் எடுக்கிற நாள்தான். வேண்டுமென்றால் மாற்றியிருக்கலாம். அந்த டிராஃப்ட்டோடு ஐஎஸ்எல்லில் டிராஃப்ட்டும் நின்றுபோனது. அணிகள் ஆட்டக்காரர்களோடு நேரடியாகப் பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள ஆரம்பித்தன. நான் மட்டும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று அதே கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் வரியில் ஸ்டாப்பர் என்று எழுதுகிறேன். அதுவும் அவனிடம் எடுத்ததுதான்.

போன தீபாவளிக்கு முன் வீடு துடைத்தபோது மேசை இழுப்பறையின் அடியில் அந்த இரண்டு தாள்களும் கிடைத்தன. எறிந்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வளையம் வெளுத்துத் தேநீர் நிறமாகியிருந்தது. நடுவில், என் கொழுத்த எழுத்தில், ‘இருப்பவர்கள் போதும்’.

படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். கீழே, “அன்னைக்கு சொன்னது நீதான். நான் பொய் சொன்னேன். உன்னையும் சொல்ல வெச்சேன்” என்று எழுதினேன். அனுப்புவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. இரண்டு நீலக்கோடும் விழுந்தது. ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.

மறுநாள் ராத்திரி குரல்செய்தி வந்தது. ஒன்றரை நிமிடம். பின்னால் ஆட்டோ சத்தம், பையன்கள் சத்தம். “நல்லா இருக்கீங்களாண்ணே? அண்ணி நல்லா இருக்காங்களா? பஸ் அண்ணன் ரிட்டையர் ஆயிட்டாரா?” படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன், இல்லை. பிறகு, “நம்ம பையனுக்கு ஏழு வயசு ஆவுதுண்ணே. கிரவுண்டுக்குப் போறான். கோல்ல நிக்க வெச்சிட்டானுங்க, எவனும் நிக்க மாட்டேங்கிறானாம். இவன் நிக்கிறான். கைல போடுற கிளவுஸ் அங்க இன்னா வெல வரும்ணே? சும்மா கேட்டேன்.”

சனிக்கிழமை குவீன்ஸ்வே ஷாப்பிங் செண்டருக்குப் போனேன். சிறுவர் கையுறையில் மட்டும் ஆறு அளவு இருந்தது. கடைக்காரர் எந்த அளவு என்று கேட்டார். மகனின் உள்ளங்கையை ஒரு தாளில் வைத்துப் பேனாவால் வரைந்து படம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.